செருப்புக் காவலன் கண்ட தலைப்பிறை

எட்டாம் வகுப்பில் எங்களைக் கணக்குப் பரீட்சையிலிருந்து காப்பாற்றும் வல்லமை ஒன்றே ஒன்றுக்குத்தான் இருந்தது. அது ஆகாயத்தில் இருந்தது. நோன்பு மாதத்தின் தலைப்பிறை அன்று மாலை தென்பட்டுவிட்டால் மறுநாளே நோன்பு. நோன்பு தொடங்கினால் எங்கள் பள்ளிக்கூடம் ஒரு மாதத்துக்குப் பூட்டு. தவணைப் பரீட்சையில் கணக்கு மட்டுந்தான் பாக்கி. பிறை தெரியாவிட்டால் காலையில் கணக்கு, தெரிந்துவிட்டால் கணக்கைப் பெருநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளிக்கூடத்து அதிபரே காலைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன கணத்திலிருந்து எட்டாம் வகுப்பு முழுவதும் வானசாஸ்திரியாக மாறிவிட்டது.

மடவளைப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் ஆண்கள் பாடசாலை அது. நான் கலஹாவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அம்மாவின் தம்பி, என் மாமா, மடவளையில் ஒரு முதலாளியிடம் லொறி ஓட்டினார். கடைக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை இருந்தது. தமிழில் படிப்பிக்கிற பள்ளிக்கூடம், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டார். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் நெற்றியில் திருநீறு பூசிய தலை என்னுடையது ஒன்றுதான். அதற்கு மேல் தொப்பியும் இருக்கும். வகுப்புப் படம் பிடிக்கிற அன்று எல்லோரும் வெள்ளைத் தொப்பி போட வேண்டும் என்றார்கள், நானும் போட்டேன், அது எனக்கு எடுப்பாக இருந்தது, அதன் பிறகு கழற்றவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த அம்மா, இது யார் பெற்ற பிள்ளை என்று மாமாவிடம் கேட்டாளாம்.

சைவ சமயம் படிப்பிக்க அங்கே ஆள் இல்லை. மற்றவர்களின் சமயபாட நேரத்தில் மரத்தடியில் தனியாகக் குந்தியிருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே இஸ்லாம் பாடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாடமாக்குவதில் எனக்கு ஒரு வெறி உண்டு. எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடுவேன். முந்தின இரண்டு தவணையிலும் இஸ்லாத்தில் முதலாம் பிள்ளை நான்தான். இந்த அவமானத்துக்காகவே என் நண்பன் நஸார் அவனுடைய வாப்பாவிடம் இரண்டு தவணையும் அடி வாங்கினான். வாப்பாவுக்குப் பேக்கரி இருந்தது, கையும் அதற்கேற்ற கனமான கை.

இஸ்லாம் படிப்பித்தவர் மௌலவி சேர். ஆசிரியர் எல்லோரும் எங்களுக்குச் ‘சேர்’தான். மெலிந்த, உயரமான மனிதர். அவரிடம் ஒரேயொரு பலவீனம்தான் உண்டு, பிளேன்டீ என்கிற பால் விடாத தேநீர். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. பரீட்சை மேற்பார்வைக்கு வந்தாரென்றால் பியோன் கோப்பையை மேசையில் வைத்த பிறகுதான் வினாத்தாளே கொடுப்பார். ஒரு கடி கருப்பட்டி, ஒரு மிடறு தேநீர். மிடறு இறங்கும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார். எட்டாம் வகுப்பின் கல்வி முழுவதும் அந்த மூடிய கண்களை நம்பித்தான் நடந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்குள் நஸார் மூன்று கணக்கைப் பார்த்தெழுதிவிடுவான்.

மற்றவர்களுக்குக் கணக்குத்தான் பயம். எனக்கு அதைவிடப் பெரியதொன்று இருந்தது. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அமாவாசை கழிந்து பிறை வளரத் தொடங்கியதும் காமன் கம்பத்தை ஊன்றுவார்கள். ஊன்றுகிற அன்று காலையில் மன்மதனுக்கும் ரதிக்கும் வேஷம் கட்டுகிறவர்களுக்குக் கையில் காப்புக் கட்டிவிடுவார்கள். அந்த வருஷம் ரதி நான்தான். தோட்டத்துப் பெரியவர்கள் கூடி முடிவு செய்து, அப்பா கடிதம் போட்டு, நான் மாமாவின் சேலையைக் கட்டிக்கொண்டு, அதாவது மாமாவின் படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டு, அறைக்குள் ஆடி ஆடிப் பழகியிருந்தேன். காப்புக் கட்டுவது மறுநாள் காலை. அந்த நேரத்துக்கு நான் அங்கே நிற்காவிட்டால் என் சித்தப்பா மகனுக்குக் கட்டிவிடுவார்கள். அவனுக்கு ஆடத் தெரியாது. ஆனால் கை இருந்தது, காப்புக் கட்ட அது போதும்.

“பரீட்சைய விட்டுட்டு கூத்தாடப் போனேன்னு வை, ரெண்டு காலையும் ஒடிச்சுருவேன். அப்புறம் எப்புடி ஆடுறேன்னு பாக்குறேன்” என்று மாமா சொல்லிவிட்டார். பிறை தெரிந்தால் பரீட்சை இல்லை, முதல் பஸ்ஸில் நானே ஏற்றிவிடுகிறேன் என்றும் சொன்னார். ஆகவே அந்த ஊரில் நோன்புப் பிறையை என்னைப்போல் ஆவலோடு எதிர்பார்த்த ஓர் உயிர் இருந்திருக்க முடியாது.

அன்று காலை எழுதியது இஸ்லாம் பரீட்சை. பிறை பார்ப்பது பற்றிய சட்டங்களைக் கேட்டிருந்தார்கள். நான்கு சட்டங்கள். கண்ணால் காண வேண்டும். கண்டவர் பருவமடைந்த, நேர்மையான முஸ்லிமாக இருக்க வேண்டும். சாட்சியை விசாரித்து ஏற்க வேண்டும். ஊரில் பிறை ஏற்கப்படாவிட்டாலும், கண்டேன் என்று ஒருவர் சொல்வதை மனதார நம்பியவர் தாம் மட்டும் நோன்பு நோற்க வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அன்று பின்னேரம் மைதானத்தில் வகுப்புக்கே பாடம் எடுத்தேன்.

காரணம் இருந்தது. போன வருஷம் நஸார் பிறையைக் கண்டதாக ஓடிப்போய்ச் சொல்லி, விசாரணையில் மாட்டிக்கொண்டான். கொம்பு எந்தப் பக்கம் என்று கேட்டதற்குக் கீழ்ப்பக்கம் என்றானாம். இந்த முறை அப்படி ஆகக் கூடாது. இஸ்லாம் புத்தகத்தில் இருந்த பிறைப் படத்தைக் காட்டி, “கொம்பு ரெண்டும் இடப்பக்கம். மெல்லிசு. மலைக்கு மேல நாலு வெரக்கட. இத தவிர ஒரு வார்த்த பேசாதீங்கடா” என்று நாலு விரலைச் சேர்த்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். நஸாரும் இன்னும் இரண்டு பேரும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகினார்கள். பள்ளிவாசலுக்குப் போகும் பையன்களுக்குப் பிறை சாட்சி சொல்லப் பழக்கியவன், மறுநாள் ரதி வேஷம் கட்டப்போகிறவன். அப்போது அது எனக்கு வேடிக்கையாகவே படவில்லை. எனக்கு அவசரம்.

பள்ளிக்கூடத்து மைதானமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருந்தன. மேற்கே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து மலைகள் வரைக்கும் மறைப்பில்லாமல் தெரியும். ஆகவே பிறை பார்க்க ஊரே அங்கே வந்துவிடும். அன்று ஜம்பு மரத்தில் இடமில்லை. மதில் மேல் இடமில்லை. கிழவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவின் முதலாளிதான் பள்ளிவாசல் தலைவர். அவர் கையில், பிறையை நாட்டுக்கு அறிவிக்கிற கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டிய எண்ணும் கண்ணில் மூக்குக் கண்ணாடியுமாக நடுவில் நின்றார். மேற்கில் மட்டும் ஒரு மேகம், அழுக்குத் தலையணை மாதிரி, அசையாமல் கிடந்தது. சூரியன் அதற்குப் பின்னால் போய் விழுந்தது. எல்லோரும் பார்த்தோம். மேகத்தைத்தான் பார்த்தோம். பாங்கு சொல்லியாகிவிட்டது. அந்திநேர மஃரிப் தொழுகைக்கு நேரம் குறைவு. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் உள்ளே போனார்கள், வானத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நஸாரும் போனான்.

வெளியே மிஞ்சியது நானும் செருப்புகளும். தொழுகை நேரத்தில் செருப்புக்குக் காவல் இருப்பது என் வழமையான உத்தியோகம். நாய் தூக்கிக்கொண்டு போகாமலும், புதுச் செருப்பு பழஞ்செருப்பாக மாறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘செருப்பு மந்திரி’ என்று எனக்குப் பட்டமே இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து, தோற்றுப்போன மனத்தோடு, மலையைப் பார்த்தேன்.

மேகம் கிழிந்தது.

சின்னக் கிழிசல்தான். அதற்குள் அது இருந்தது. வெட்டிப் போட்ட நகம் போல மெல்லியதாக, மல்லாந்து, தோணி மாதிரி. என் கண்ணை நான் சந்தேகிக்கவே இல்லை. தோட்டத்தில் எதிர் மலையில் கொழுந்தெடுக்கிற நிரையில் அம்மா எது என்று கூடையைப் பார்த்தே சொல்லிவிடுகிற கண் அது. தூரத்து வளைவில் திரும்புவது தெல்தெனிய பஸ்ஸா மடவளை பஸ்ஸா என்று எல்லோருக்கும் முந்திச் சொல்கிற கண். துள்ளி எழுந்து பள்ளிவாசல் வாசலுக்கு ஓடினேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

அத்தனை முதுகுகளும் ஒன்றாகக் குனிந்தன.

எப்படிக் கத்துவது? ஒருவர் இரண்டு பேரா? ஊரே நிற்கிறது, ஒரு சத்தமும் இல்லாமல். கடைசி வரிசையில் நஸாரின் குதிகால் தெரிந்தது. கையை நீட்டினால் கிள்ளலாம். கிள்ளவில்லை. ஓடிவந்து பிறையைப் பார்த்தேன், இருந்தது. திரும்ப ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன், நிமிர்ந்திருந்தார்கள். திரும்ப ஓடினேன். ‘போயிராத, போயிராத, இந்தா முடிச்சிருவாங்க’ என்று பிறையைப் பார்த்துக் கெஞ்சினேன். மாரியம்மனையும் கூப்பிட்டேன், அவளுக்கு இதில் என்ன அதிகாரம் என்று யோசிக்கவில்லை. உள்ளே தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கிற சத்தம் கேட்டது. மேகம் மூடிக்கொண்டது.

முதலில் வெளியே வந்த நஸாரைப் பிடித்து உலுக்கி, “பாத்துட்டேன்டா! இப்ப! இந்த நிமிசம்!” என்றேன். அவன் முழுவதையும் கேட்கவில்லை. “பொற கண்டாச்சு!” என்று ஊர் அதிர ஒரு கூச்சல் போட்டான். உடனே நான் பழக்கிவைத்த மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி வந்தார். மௌலவி சேர் வந்தார். சனம் சூழ்ந்துகொண்டது.

“ஆரு கண்ட?” என்று முதலாளி கேட்டார்.

“நாங்க மூணு பேரும், ஹாஜியார். கொம்பு ரெண்டும் இடப்பக்கம். மெல்லிசு. மலைக்கு மேல நாலு வெரக்கட.” மூன்று வாயிலிருந்தும் ஒரே குரலில், ஒரே சொற்களில் வந்தது. பாட்டுப் போட்டியில்கூட எங்கள் வகுப்பு அவ்வளவு ஒற்றுமையாகப் பாடியதில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. எப்ப கண்ட?”

நஸார் யோசிக்காமல், “இப்பதான், தொழுவக்கொள்ள. முன்னுக்கு ஈக்கிற ஜன்னலால” என்றான்.

“அப்ப தொழுகையில நீங்க மேல பாத்துக்கொண்டு ஈந்தீங்க?”

அந்த இடத்தில் நஸாரின் வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பொய் சொன்னான் என்று அடி வாங்குவதா, தொழுகையைப் பாழாக்கினான் என்று அடி வாங்குவதா என்று நஸார் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பொய்யைத் தேர்ந்தெடுத்தான், அடி இரண்டுக்குமாகச் சேர்த்து விழுந்தது. அழுகைக்கு நடுவே அவன் என்னைக் கைகாட்டி, “நாங்க காணல்ல. இவன் கண்டான். மெய்யா கண்டான்” என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தொப்பி, திருநீறு, கையில் யாருடையதோ ஒரு செருப்பு. சத்தம் கேட்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மாமா தலையில் கை வைத்தார். சிரிப்புச் சத்தம் எழுந்தது. மௌலவி சேர் மட்டும் சிரிக்காமல் என் உயரத்துக்குக் குனிந்தார்.

“நீ செல்லு மகன். என்னத்த கண்ட?”

கையை நீட்டி இடத்தைக் காட்டினேன். அந்த உச்சிக்கு இந்தப் பக்கம், ஒற்றை மரத்துக்கு மேலே.

“கொம்பு?”

“மேல பாத்து இருந்துச்சு சேர். மல்லாக்க படுத்திருந்துச்சு, தோணி மாதிரி.”

“அப்ப இவங்களுக்கு இடப்பக்கம் எண்டு செல்லிக் குடுத்த ஆரு?”

“நான்தான் சேர். அது பொஸ்தகத்துல உள்ளது. நான் பாத்தது வேற.”

அவர் நான் காட்டிய ஒற்றை மரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “எதுக்கு மகன் இவ்வளவு உத்துப் பாத்த?” என்றார். நான் காப்பு, ரதி, முதல் பஸ், சித்தப்பா மகன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ரதி என்றதும், மறுபடி ஆள் ஏறியிருந்த ஜம்பு மரமே சிரித்தது. முதலாளி என் தோளில் தட்டினார். “நல்ல புள்ள, பொய் செல்ல மாட்டான். எண்டாலும் இவன்ட சாட்சிய நான் கொழும்புக்கு எப்பிடிச் செல்ற?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டாவது சட்டம், கண்டவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். காலையில் நானே என் கையால் எழுதிக் கொடுத்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வானொலியில் சொல்லிவிட்டார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பு நாளை மறுநாள். மாமா வானொலியை நிறுத்திவிட்டு, “கணக்க எடுத்துப் படி” என்றார். நான் படுக்கை விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். காப்புப் போனது ஒரு பக்கம். கண் முன்னால் பார்த்ததை இல்லை என்று வானொலியே சொல்கிறதே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம்.

காலையில் கணக்கு. மேற்பார்வைக்கு மௌலவி சேர். எட்டாம் வகுப்பு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. பியோன் பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தார், ஆவி பறந்தது, இஞ்சி மணம் கடைசி மேசைவரை வந்தது. மௌலவி சேர் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார். பிறகு கோப்பைக்கு அடியிலிருந்த பீரிசை எடுத்து அதன் மேல் கவிழ்த்து வைத்தார். கருப்பட்டியைத் தொடவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடவே இல்லை! நஸார் என்னைப் பார்த்தான், நான் கோப்பையைப் பார்த்தேன். வகுப்பு முழுவதும் வினாத்தாளை விட்டுவிட்டு அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. தேநீர் ஆறியது, அதோடு எங்கள் கணக்கும் ஆறியது. வயிற்றுப்போக்காயிருக்கும் என்று நஸார் சைகை காட்டினான். சீனி வியாதி வந்திருக்கும் என்று பின் மேசைக்காரன் கிசுகிசுத்தான். ஒரு ஜிஞ்சர்பியர் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

தெரிந்த கணக்குகளை வேகமாகப் போட்டு முடித்தேன். மணியடிக்கும் முன் ஒருவரும் எழும்பக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். வெளியே வீதியில் கண்டிக்குப் போகிற பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும்போதெல்லாம் என் கால் தானாக ஆடியது. மௌலவி சேர் எழுந்து என் மேசைக்கு வந்தார். விடைத்தாளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நீ போ மகன். ஒனக்குத்தான் பொற கண்டாச்சே” என்றார்.

முழு வகுப்பும் வாயைப் பிளந்தது. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கேலியோ இல்லையோ, கதவு திறந்திருந்தது. பாய்ந்தேன். மடவளைச் சந்தியில் பஸ், கண்டியில் பஸ், பேராதனையில் நின்றுகொண்டே பயணம், கலஹாவில் இறங்கித் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓட்டம். மூச்சு வாங்கப் போய் நின்றால், தோட்டத்தில் ஒன்றுமே தொடங்கவில்லை. தப்பு மேளம் அடிக்கிறவர்கள் இருவருக்குள் முதல் நாள் சண்டை, ஒருவர் கோபித்துக்கொண்டு வரவில்லை, அவரைச் சமாதானப்படுத்த மூன்று பேர் போயிருந்தார்கள். சித்தப்பா மகன் காப்புக்காகக் கையை மஞ்சள் பூசி வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிவிட்டு என் கையை நீட்டினேன். அந்த வருஷத்து ரதியைப் பற்றித் தோட்டத்தில் இன்றைக்கும் பேசுவார்கள், அதை நான் சொன்னால் தற்பெருமையாகிவிடும்.

ஆட்டம் இல்லாத நேரத்தில் எல்லோரிடமும் பிறைக் கதையைச் சொன்னேன். அவ்வளவு பெரிய ஊரில் ஒருவர்கூட என்னை நம்பவில்லை என்று சொல்லிச் சொல்லி ஆத்திரப்பட்டேன். அம்மா அந்த ஊர்க்காரர்களைத் திட்டினாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்துக்கொண்டேதான் பல வருடங்கள் இருந்தேன்.

இப்போது கண்டியில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறேன். ஒரு நோன்பு நாளில், புதிதாக வந்த பியோன் தெரியாமல் எல்லா மேசைக்கும் தேநீர் வைத்துக்கொண்டு போனான். பக்கத்து மேசை முஸ்லிம் நண்பர் சிரித்தபடி கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார். பிறகு பீரிசைக் கவிழ்த்து வைத்தார். நான் எழுதிக்கொண்டிருந்த பேனை அப்படியே நின்றுவிட்டது. அன்று காலை மடவளையில் யாருக்கும் நோன்பு இல்லையே. முதலாளி சாப்பிட்டார், நஸார் அவன் வாப்பாவின் பேக்கரிப் பாணைக் கடித்துக்கொண்டுதான் பரீட்சைக்கே வந்தான். அந்த ஊரில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நோன்பு பிடித்திருந்தார், செருப்புக் காவலுக்கு இருந்த ஒரு பையன் சொன்ன சொல்லுக்காக.

நாலாவது சட்டம், மனதார நம்பியவர் தாம் மட்டும் நோற்க வேண்டும். விடுமுறை முடிந்து இஸ்லாம் விடைத்தாளை அவர்தான் என் கையில் தந்தார், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் தந்தார். அந்தப் பிறைக் கேள்விக்கு முழுப் புள்ளி போட்டிருந்தது. நான் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு, நஸாரிடம் காட்டி அவனை அழவைக்க ஓடிப்போனேன்.